இணையத்தில் எடுத்த தகவலுக்கு எப்படிச் சான்று காட்டுவது?

முதுகலை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். சமூகவியலில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். துறையில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் சான்று முறையை (ஏபிஏ), அதன் ஏழாம் பதிப்பின்படி பின்பற்றச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகங்களுக்கும் அச்சு இதழ்களுக்கும் சான்று எழுதுவதில் சிக்கல் இல்லை. ஆனால் என் பட்டியலில் பாதிக்கு மேல் இணையத்தில் எடுத்தவை: அரசுத் துறைகளின் புள்ளிவிவரங்கள், தொண்டு நிறுவன அறிக்கைகள், செய்தித்தளங்கள், சில வலைப்பதிவுகள், ஒரு காணொளி. நெறியாளர் வரைவைப் படித்துவிட்டுப் பட்டியலின் ஓரத்தில், "இவை யார் எழுதியவை? எப்போது எழுதியவை?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

எழுதியவர் பெயர் இல்லாத பக்கத்துக்கு என்ன போடுவது? தேதி இல்லையென்றால்? பக்க எண்ணே இல்லாத இடத்திலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்தாண்டால் எதைக் குறிப்பது? "பார்த்த நாள்" கட்டாயமா? கடைசிக் கேள்விக்கு வகுப்பில் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். விரிவாகவே சொல்லுங்கள், அவசரமில்லை.

நூலகர்:

நல்ல கேள்விகள். எந்த முறையாக இருந்தாலும் கேட்பது நான்கே விஷயம்: யார், எப்போது, எதை, எங்கே. ஏபிஏ, எம்எல்ஏ (நவீன மொழிச் சங்கத்தின் முறை), சிகாகோ ஆகிய சான்று முறைகள் எல்லாம் இந்த நான்கை வெவ்வேறு வரிசையில் அடுக்குகின்றன, அவ்வளவுதான். நான்கும் கையில் இருந்தால் வடிவத்தை மாற்றிக்கொள்வது பத்து நிமிட வேலை. இல்லையென்றால் எந்த மென்பொருளாலும் உதவ முடியாது.

முதலில் "யார்". பக்கத்தில் ஆள் பெயர் இல்லை என்றவுடன் ஆசிரியர் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தளத்தில் உள்ள ஒரு தகவல் பக்கத்துக்கு அந்த நிறுவனமே ஆசிரியர். அரசுத் துறை அறிக்கைக்கு அந்தத் துறை. வலைப்பதிவில் "அட்மின்" என்று இருந்தால் அது மென்பொருள் வைத்த பெயர், அதை ஆசிரியராக எழுதக் கூடாது. "எங்களைப் பற்றி" பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள், பல நேரம் அங்கே கிடைக்கும். தேடிய பிறகும் ஆளோ அமைப்போ தெரியவில்லை என்றால் தலைப்பை முன்னால் கொண்டுவந்து எழுதுங்கள். ஆனால் அந்த இடத்தில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: யார் சொன்னது என்றே தெரியாத ஒன்றின் மேல் என் வாதத்தை நிறுத்தலாமா?

அடுத்து "எப்போது". இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பக்கத்தின் அடியில் இருக்கும் காப்புரிமை ஆண்டை வெளியான ஆண்டாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான தளங்களில் அது தானாக மாறும் எண். 2011-இல் எழுதிய கட்டுரையின் அடியிலும் நடப்பு ஆண்டுதான் நிற்கும். கட்டுரைத் தலைப்புக்குக் கீழே இருக்கும் தேதியைப் பாருங்கள். "கடைசியாகத் திருத்தியது" என்று அந்தப் பக்கத்துக்கே உரிய தேதி இருந்தால் அதை எடுக்கலாம். "கடைசியாகச் சரிபார்த்தது" என்றிருந்தால் வேண்டாம், சரிபார்த்தபோது எதையும் மாற்றாமலே விட்டிருக்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் ஏபிஏவில் "தேதி இல்லை" என்பதற்கான சுருக்கம் இருக்கிறது, அதைப் போடுங்கள். உத்தேசமாக ஓர் ஆண்டை எழுதுவதுதான் தவறு.

இன்னொன்று. 03/04/2021 என்று கண்டால் நிறுத்தி யோசியுங்கள். அது ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம், மார்ச் 4 ஆகவும் இருக்கலாம். அந்தத் தளத்தின் வேறொரு பக்கத்தில் 12-க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். குறித்துவைக்கும்போது மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.

மூன்றாமாண்டு மாணவன்:

அக்கா கேட்டதோடு நானும் ஒன்று கேட்கிறேன். லிங்க்கைக் கொடுத்துவிட்டால் படிப்பவர் அழுத்திப் பார்த்துக்கொள்வார். யார், எப்போது எல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்தானே. அதை ஏன் நாம் இன்னொரு முறை எழுத வேண்டும்? அச்சுப் புத்தகக் காலத்துப் பழக்கம் அப்படியே தொடர்கிறதோ என்று தோன்றுகிறது.

சட்ட ஆய்வாளர்:

தம்பி, அந்த லிங்க் நாளைக்குத் திறக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

எங்கள் துறையில் இது பெரிய தலைவலி. ஹார்வர்டைச் சேர்ந்த மூன்று பேர் சேர்ந்து செய்த ஆய்வொன்று 2014-இல் வெளியானது. அவர்கள் பார்த்த சட்ட ஆய்விதழ்களில் இருந்த இணைய முகவரிகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, மேற்கோள் காட்டிய தகவலுக்குக் கொண்டுபோகவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்தவற்றில் பாதி அப்படி. தீர்ப்புக்கு ஆதாரமாகக் காட்டிய பக்கத்தையே காணோம் என்றால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கவலையில்தான் ஹார்வர்ட் சட்ட நூலகம், மேற்கோள் காட்டும் பக்கத்தின் படியை நிலையாகச் சேமித்து வைக்கும் பெர்மா என்ற சேவையைத் தொடங்கியது. பொதுவான இணையத்தைப் பற்றி பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்கு ஒன்றும் இருக்கிறது: 2013-இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குப் பிறகு கிடைக்கவில்லை.

காணாமல் போவது ஒரு வகை. இதைவிட மோசமான இன்னொரு வகை உண்டு. லிங்க் திறக்கும், பக்கம் இருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். நீங்கள் படித்தபோது ஒரு புள்ளிவிவரம், இன்று அதே இடத்தில் திருத்திய புள்ளிவிவரம். தேர்வாளர் திறந்து பார்த்தால் நீங்கள் எண்ணை மாற்றி எழுதியதாகத்தான் தோன்றும். ஆசிரியர், தலைப்பு, தேதி எல்லாம் முறையாக எழுதியிருந்தால் லிங்க் செத்தாலும் தலைப்பை வைத்துத் தேடி வேறிடத்தில் கண்டுபிடிக்கலாம். வெறும் லிங்க் மட்டும் இருந்தால் அதோடு எல்லாம் போச்சு.

மூன்றாமாண்டு மாணவன்:

சரி அண்ணா, புரிந்தது. அப்படியானால் பக்கம் மாறாமல் பிடித்து வைக்க வழி இருக்கிறதா?

சட்ட ஆய்வாளர்:

இருக்கிறது. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினைப் பயன்படுத்துங்கள். காப்பகம் தொடங்கியது 1996-இல், வேபேக் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2001-இல். அதில் "இப்போதே சேமி" என்ற வசதி உண்டு. முகவரியை ஒட்டி அழுத்தினால் அந்த நொடியில் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு படி எடுத்து நிலையான முகவரி ஒன்று கொடுக்கும். அந்த முகவரிக்குள் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் நான்கு ஆண்டு, அப்புறம் இரண்டிரண்டாக மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. எப்போது எடுத்த படி என்பதை முகவரியே சொல்லிவிடும்.

ஆய்வேட்டின் முக்கியமான வாதம் எந்தப் பக்கத்தின் மேல் நிற்கிறதோ, அதைப் படித்த அன்றே சேமித்துவிடுங்கள். சமர்ப்பிக்கிற வாரத்தில் உட்கார்ந்து சேமித்தால் நீங்கள் படித்த வடிவம் போய்விட்டிருக்கும்.

நூலகர்:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். உள்நுழைந்து பார்க்க வேண்டிய பக்கங்களையும், வரைபடங்களைத் தேர்வு செய்து பார்க்கும் ஊடாட்டப் பக்கங்களையும் வேபேக் சரியாகப் பிடிக்காது. சில தளங்கள் காப்பகப்படுத்துவதையே தடுத்திருக்கும். அந்த மாதிரி இடங்களில் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக மாற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிவிவரத் தளம் என்றால் அட்டவணையையும் பதிவிறக்கி, எந்தெந்த வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். "வயது 15 முதல் 29, ஊரகம், பெண்கள்" என்று தேர்ந்தெடுத்து வந்த எண்ணை, அந்தத் தேர்வைச் சொல்லாமல் வேறு யாராலும் மீண்டும் எடுக்க முடியாது.

"பார்த்த நாள்" விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், பழைய பதிப்புகளின் பழக்கமும் புதிய பதிப்புகளின் விதியும் கலந்து கிடப்பதுதான். 2019-இல் வந்த ஏபிஏ ஏழாம் பதிப்பில், உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும்படி அமைந்த, காப்பகப்படுத்தாத பக்கங்களுக்கு மட்டும்தான் பார்த்த நாள் தேவை. தேதியோடு வெளியான செய்திக் கட்டுரைக்குத் தேவையில்லை. எம்எல்ஏவில் அது விருப்பத்துக்கு உட்பட்டது, தேதியில்லாத பக்கத்துக்குச் சேர்ப்பது நல்லது என்பார்கள். சிகாகோவிலும் கிட்டத்தட்ட அதே நிலைதான்.

சட்ட ஆய்வாளர்:

இதில் எனக்கு மாறுபட்ட கருத்து. விதி எப்படி இருந்தாலும் எல்லா இணையச் சான்றுக்கும் பார்த்த நாளைப் போடுவதே பாதுகாப்பு என்பேன். செய்தித்தளங்கள் தேதியை மாற்றாமலே உள்ளே திருத்துகின்றன. தலைப்பையே மாற்றுகிறார்கள். அப்படியிருக்க, மாறாத பக்கம் என்று எதைச் சொல்வது?

இதழ்ப் பிரதி திருத்துநர்:

ஆய்விதழ் ஒன்றில் கட்டுரைகளின் சான்றுப் பட்டியலைச் சரிபார்ப்பது என் வேலை. சட்ட ஆய்வாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பட்டியலில் எது வர வேண்டும் என்பது ஒன்று, உங்கள் குறிப்பேட்டில் எது இருக்க வேண்டும் என்பது வேறொன்று. குறிப்பேட்டில் ஒவ்வொன்றுக்கும் பார்த்த நாள் இருக்கட்டும். பட்டியலில் முறை கேட்கிற இடத்தில் மட்டும் காட்டுங்கள். நிலையான பக்கங்களுக்கும் தேவையில்லாமல் சேர்த்தால், எங்கே அந்த நாள் உண்மையிலேயே முக்கியமோ அது கூட்டத்தில் மறைந்துவிடும்.

முகவரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு வரும் பட்டியல்களில் மூன்று விதமான கெட்ட முகவரிகளைப் பார்க்கிறேன்.

ஒன்று, நூலகத்தின் வழியாக உள்நுழைந்து படித்தபோது மேலே தெரிந்த முகவரி. கூர்ந்து பார்த்தால் அதன் நடுவில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் "ப்ராக்ஸி" என்ற சொல்லும் இருக்கும். அது உங்கள் கணக்குக்கு மட்டும் திறக்கும், வெளியாள் அழுத்தினால் கடவுச்சொல் கேட்கும் பக்கம்தான் வரும். இரண்டு, சமூக ஊடகத்திலிருந்து போய்ப் படித்த கட்டுரையின் முகவரி. கேள்விக்குறிக்குப் பிறகு யூடிஎம் என்று தொடங்கும் நீண்ட வால் ஒட்டியிருக்கும். அது நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று பார்க்க அவர்கள் வைத்த அடையாளம். அதை வெட்டிவிட்டு, மிச்சம் திறக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். ஆனால் எல்லாக் கேள்விக்குறியும் வெட்டத் தக்கதல்ல, சில தளங்களில் கட்டுரையின் எண்ணே அதற்குப் பிறகுதான் வரும். மூன்று, கூகுள் தேடல் முடிவுப் பக்கத்தின் முகவரி. இதைச் சான்றாகக் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் ஒன்றுதான்.

ஆய்விதழ்க் கட்டுரை என்றால் இந்தப் பாடே வேண்டாம், டிஓஐ என்ற நிலையான அடையாள எண் இருக்கிறது. 10 என்ற எண்ணும் புள்ளியுமாகத் தொடங்கும், நடுவில் ஒரு சாய்கோடு வரும். இதழின் தளம் மாறினாலும், பதிப்பகமே கைமாறினாலும், புதிய முகவரியைப் பதிப்பகம் பதிந்துவிட்டால் அதே டிஓஐ அங்கே கொண்டுபோகும். டிஓஐ டாட் ஆர்க் என்று தொடங்கும் முழு முகவரியாகவே எழுதுங்கள். பழைய கட்டுரைகளில் அதற்கு முன்னால் "டிஎக்ஸ்" என்று இருக்கும், இப்போது அது தேவையில்லை. ஏபிஏவில் டிஓஐக்குப் பின்னால் முற்றுப்புள்ளியும் வைக்கக் கூடாது. வைத்தால் சில இடங்களில் அந்தப் புள்ளியும் முகவரியோடு ஒட்டிக்கொண்டு திறக்காமல் போகும்.

முதுகலை மாணவி:

மிக்க நன்றி. ஒரு கட்டுரை மூன்று இடத்தில் கிடைக்கிறது: ப்ரீபிரிண்ட் தளத்தில் ஒன்று, ஆசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் ஒன்று, இதழின் தளத்தில் ஒன்று. இதழில் இருப்பதைப் பணம் கட்டித்தான் படிக்க முடியும். நான் படித்தது ப்ரீபிரிண்ட். பட்டியலில் எதைக் காட்டுவது?

இதழ்ப் பிரதி திருத்துநர்:

எதைப் படித்தீர்களோ அதை. இதில் தயக்கமே வேண்டாம்.

ப்ரீபிரிண்ட் என்பது சக ஆய்வாளர்கள் மதிப்பிடுவதற்கு முந்தைய வடிவம். இதழில் வரும்போது எண்கள் மாறலாம், ஒரு முடிவையே எடுத்துவிட்டிருக்கலாம். நீங்கள் படித்த வரி இதழ் வடிவத்தில் இல்லாமலே போயிருக்கலாம். ஆர்க்சிவ் என்ற ப்ரீபிரிண்ட் தளத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி எண் உண்டு, அடையாள எண்ணின் கடைசியில் வி1, வி2 என்று வரும். அதையும் சேர்த்து எழுதுங்கள். ஆசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் இதழ் ஏற்றுக்கொண்ட, ஆனால் பக்க வடிவமைப்பு செய்யாத பிரதி. அதன் பக்க எண்ணும் இதழின் பக்க எண்ணும் பொருந்தாது. பிடிஎஃப்பில் 4-ஆம் பக்கம் என்று பார்த்துவிட்டு, இதழின் விவரத்தோடு அந்த 4-ஐ ஒட்டினால், 211-இல் தொடங்கும் கட்டுரையில் 4-ஆம் பக்கத்தை யார் தேடுவது?

முடிந்தால் இதழ் வடிவத்தையும் வாங்கிப் படித்து ஒப்பிட்டுவிடுங்கள். ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பலர் மகிழ்ச்சியாக அனுப்புவார்கள். நூலகங்களுக்கிடையே பெற்றுத் தரும் வசதியும் உண்டு.

ஆய்வு நெறியாளர்:

"எதைப் படித்தீர்களோ அதை" என்று மேலே எழுதியிருப்பதை நான் இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாணவர்களின் ஆய்வேடுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது காற்புள்ளி தவறுவதோ சாய்வெழுத்து விடுபடுவதோ இல்லை. படிக்காத ஒன்றைப் படித்ததாகப் பட்டியலில் காட்டுவதுதான்.

வழக்கமாக இது இப்படி நடக்கும். ஒரு கட்டுரையைப் படிக்கிறோம். அதில் 1978-இல் வந்த வேறொரு ஆய்வைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அந்த வரி நமக்குத் தேவை. நாமும் அந்த 1978 ஆய்வையே நேரே பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். இடையில் இருந்த கட்டுரையைச் சொல்வதில்லை. அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அந்தத் தவறு இப்போது நம் பெயரில் நிற்கும்.

கீரையில் இரும்புச்சத்து அதிகம் என்று மக்கள் நம்பியதற்குக் காரணம் ஒரு தசமப்புள்ளி இடம் மாறியதுதான் என்று ஒரு கதை உண்டு. உண்மை அளவைவிடப் பத்து மடங்கு அதிகமாக அச்சாகிவிட்டதாம், அதைப் பல ஆண்டு கழித்துத்தான் கண்டுபிடித்தார்களாம். 1981-இல் டெரன்ஸ் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார். ஆதாரம் எதையும் காட்டவில்லை. அதற்குப் பிறகு அறிவியலில் கவனம் வேண்டும் என்று சொல்ல வந்தவர்களெல்லாம் இந்தக் கதையை எடுத்தாண்டார்கள். 2010-இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போனபோது தசமப்புள்ளிப் பிழைக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. நார்வேயைச் சேர்ந்த உலே பியோர்ன் ரெக்டால் 2014-இல் ஒரு கட்டுரை முழுக்க இதைப் பற்றியே எழுதினார், கல்விப்புலத்துக்குள் வதந்தி எப்படிப் பரவுகிறது என்று. பிழையைக் கண்டிக்க எடுத்தாண்ட கதையே சரிபார்க்காமல் கைமாறிக்கொண்டிருந்திருக்கிறது.

2003-இல் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் ஒரு கணக்குப் போட்டார்கள். சான்றுப் பட்டியல்களில் வரும் அச்சுப் பிழைகளை எடுத்துக்கொண்டார்கள். பக்க எண்ணில் ஒருவர் செய்த பிழை அப்படியே இன்னும் பலருடைய பட்டியலில் வந்தால், அவர்கள் மூலத்தைப் பார்க்காமல் முந்தையவரின் பட்டியலிலிருந்து எடுத்தெழுதினார்கள் என்றுதானே பொருள். அந்த வழியில் அவர்கள் போட்ட மதிப்பீடு, மூலத்தைப் படித்துவிட்டு மேற்கோள் காட்டுபவர்கள் சுமார் 20 சதவீதம்தான் என்பது. இது மதிப்பீடுதான், துறைக்குத் துறை மாறலாம். ஆனாலும் என் மாணவர்களுக்கு இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

ஆகவே மூலம் கிடைத்தால் படியுங்கள், படித்துவிட்டு அதையே காட்டுங்கள். கிடைக்கவில்லையா, இன்னாருடைய ஆய்வு, இன்னார் எடுத்துக்காட்டியபடி என்று கட்டுரையின் உடலிலேயே எழுதிவிட்டு, பட்டியலில் நீங்கள் படித்த கட்டுரையை மட்டும் சேர்த்தால் போதும். ஏபிஏவின் விதியும் அதுவே. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாமாண்டு மாணவன்:

ஐயா, உங்கள் பதிவைப் படித்த பிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் வகுப்பில் நிறையப் பேர் சாட்ஜிபிடியிடம் தலைப்பைக் கொடுத்துச் சான்றுப் பட்டியல் வாங்குகிறார்கள். பார்க்க மிகவும் சரியாக இருக்கிறது. ஆசிரியர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்க எண், டிஓஐ வரைக்கும் இருக்கிறது. அதை அப்படியே பயன்படுத்தலாமா?

சட்ட ஆய்வாளர்:

தயவுசெய்து வேண்டாம் தம்பி. 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா என்ற வழக்கில் இதே மாதிரிதான் நடந்தது. வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் முன்தீர்ப்புகள் என்று காட்டியவற்றில் பல உலகத்திலேயே இல்லாதவை, சாட்ஜிபிடி உருவாக்கியவை. வழக்குப் பெயர், நீதிமன்றம், தேதி எல்லாம் இருந்தன. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்றது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

இதழ்ப் பிரதி திருத்துநர்:

இல்லாத கட்டுரையைக் காட்டுவது செயற்கை நுண்ணறிவுக்கு முன்பே இருந்த வழக்கம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்சேவியர் பதிப்பகத்தின் கட்டுரை வார்ப்புருவில், சான்றை எப்படி எழுதுவது என்று காட்ட மாதிரிக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். அறிவியல் கட்டுரை எழுதும் கலை என்ற பொருளில் ஒரு தலைப்பு, வான் டெர் கீர் முதலிய மூன்று ஆசிரியர்கள், 2000-ஆம் ஆண்டு, இதழின் பெயர், 51 முதல் 59 வரை பக்கம். அப்படி ஒரு கட்டுரையும் கிடையாது, அப்படி ஓர் இதழும் கிடையாது. ஆனால் அது 400 முறைக்குக் கிட்டத்தட்ட மேற்கோளாகக் கணக்கில் ஏறியிருந்ததை 2017-இல் ஆன்-வில் ஹார்சிங் என்ற ஆய்வாளர் எழுதினார். பலர் வார்ப்புருவை நிரப்பிவிட்டு மாதிரி வரியை அழிக்காமல் அனுப்பியிருக்கிறார்கள், யாரும் திறந்து பார்க்கவில்லை.

சரிபார்ப்பது எளிது. டிஓஐயைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் சந்தேகம். திறந்து வேறு கட்டுரை வந்தால் அது இட்டுக்கட்டியது. டிஓஐ இல்லையென்றால் முழுத் தலைப்பையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள், இதழின் தளத்தில் அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தைத் திறந்து அந்தப் பக்க எண்ணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. உண்மையான ஆசிரியர், உண்மையான இதழ், ஆனால் அவர் எழுதாத தலைப்பு என்று கலந்து வருவதுதான் கண்ணை ஏமாற்றும். ஆசிரியரின் பெயர் தெரிந்த பெயராக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

முதுகலை மாணவி:

செயற்கை நுண்ணறிவின் பதிலையே மேற்கோள் காட்ட வேண்டி வந்தால்? உதாரணமாக, அது எப்படிப் பதில் சொல்கிறது என்பதே ஆய்வின் ஒரு பகுதியாக இருந்தால்?

ஆய்வு நெறியாளர்:

அப்போது காட்டலாம், காட்டவும் வேண்டும். ஏபிஏ 2023-இல் கொடுத்த வழிகாட்டுதலில், அதை உருவாக்கிய நிறுவனத்தையே ஆசிரியராக எழுதச் சொன்னார்கள், எந்தப் பதிப்பு என்பதும் சேர வேண்டும். நீங்கள் கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் முழுமையாகப் பின்னிணைப்பில் கொடுங்கள். அதே கேள்வியை நாளை வேறொருவர் கேட்டால் அதே பதில் வராது, அதனால் பின்னிணைப்பு ஒன்றுதான் வாசகருக்கு இருக்கும் வழி. ஆனால் மக்கள்தொகை எவ்வளவு, ஒரு சட்டம் எப்போது வந்தது போன்ற உலகத் தகவலுக்கு அதை ஆதாரமாகக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. அது எங்கிருந்து எடுத்தது என்று தேடி அந்த இடத்துக்குப் போங்கள். உங்கள் துறையின் விதியையும் முதலில் கேட்டுவிடுங்கள், இந்த விஷயத்தில் துறைகள் ஒரே மாதிரி இல்லை.

மூன்றாமாண்டு மாணவன்:

விக்கிப்பீடியாவும் இதே கதைதானா? அதில் கீழே சான்றுகள் எல்லாம் கொடுத்திருக்கிறார்களே.

நூலகர்:

கீழே சான்று இருக்கிறது என்பதுதான் விக்கிப்பீடியாவின் பலம். அந்தச் சான்றுக்குப் போய்ப் படித்து அதைக் காட்டுங்கள். கலைக்களஞ்சியம் எதுவானாலும் அது தொடங்கும் இடம், ஆய்வேட்டின் வாதம் அதில் போய் முடியக் கூடாது. போய்ப் பார்த்தால் சில நேரம் அந்தச் சான்றில் அப்படி ஒரு வரியே இருக்காது, அதுவும் உங்களுக்கு ஒரு பாடம்.

விக்கிப்பீடியாவின் கட்டுரையே ஆய்வுப் பொருளாக இருந்தால், பக்கத்தின் சாதாரண முகவரியைக் கொடுக்காதீர்கள். "வரலாற்றைக் காட்டவும்" என்பதை அழுத்தி, நீங்கள் படித்த நாளின் திருத்தத்தைத் திறந்தால் அதற்கென்று ஓர் எண்ணோடு நிலையான முகவரி கிடைக்கும். அதன்பின் யார் திருத்தினாலும் உங்கள் வாசகர் நீங்கள் பார்த்ததையே பார்ப்பார்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. தமிழ் எழுத்து உள்ள முகவரியை நகலெடுத்து ஒட்டினால் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது குறிகளாக விரிந்துவிடும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி உள்ள "தமிழ்" என்ற ஒரு சொல்லே 45 குறி ஆகிவிடும். தலைப்பு நீளமாக இருந்தால் முகவரி பல வரிக்கு ஓடும், நடுவில் ஓர் எழுத்து விட்டாலும் திறக்காது. எண் உள்ள நிலையான முகவரியில் தலைப்புப் பகுதி இல்லாமலும் திறக்க முடியும்.

இதழ்ப் பிரதி திருத்துநர்:

மென்பொருளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சான்றுகளைச் சேகரித்துப் பட்டியலிடும் ஜோட்டெரோ இலவசம், கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். உலாவியில் ஒரே அழுத்தில் விவரங்களை இழுத்துக்கொள்ளும், பக்கத்தின் படியையும் சேமிக்கும். இதழ்களே பின்னர் திரும்பப் பெற்ற கட்டுரைகளை அடையாளம் காட்டி எச்சரிக்கும் வசதியும் உண்டு. இது சின்ன விஷயமில்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது. பழைய பிடிஎஃப் யாரிடமாவது இருந்தால் அதில் அந்தத் தகவல் இருக்காது.

ஆனால் மென்பொருள் இழுத்ததை அப்படியே நம்பாதீர்கள். தளம் என்ன விவரத்தைக் கொடுக்கிறதோ அதைத்தான் அது எடுக்கும். செய்தித்தளத்தின் பெயர் ஆசிரியர் இடத்தில் போய் உட்காரும். தலைப்பின் பின்னால் தளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டு வரும். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத எழுத்தாளர்களின் பெயரை இரண்டாகப் பிரித்து, முதலெழுத்தைக் குடும்பப் பெயராக்கிவிடும். அமைப்பின் பெயரை ஒற்றைப் புலமாக மாற்றாவிட்டால், உலக சுகாதார நிறுவனம் என்பது "நிறுவனம், உ. சு." என்ற தோரணையில் அச்சாகும். சேமித்தவுடனே திறந்து திருத்திவிடுங்கள், பக்கம் கண்முன் இருக்கும்போது அரை நிமிட வேலை.

முதுகலை மாணவி:

காணொளிக்கும், பக்க எண் இல்லாத மேற்கோளுக்கும் மட்டும் பதில் மிச்சம் இருக்கிறது.

நூலகர்:

பக்க எண் இல்லாத இடத்தில் பத்தியை எண்ணிப் பத்தி எண் கொடுக்கலாம். நீண்ட பக்கமாக இருந்தால் உட்தலைப்பையும் அதற்குக் கீழே எத்தனையாவது பத்தி என்பதையும் சேர்த்துக் கொடுங்கள், வாசகர் உடனே கண்டுபிடிப்பார். கிண்டில் மின்னூல் கருவியில் வரும் "இட எண்" வேண்டாம், அது எல்லாக் கருவியிலும் உதவாது. காணொளி என்றால் அந்தப் பேச்சு தொடங்கும் நிமிடமும் நொடியும். யூடியூபில் ஏற்றிய கணக்கின் பெயர்தான் ஏபிஏவில் ஆசிரியர் இடத்தில் வரும். பேசியவர் வேறு ஆளாக இருந்தால் அவர் பெயரைக் கட்டுரையின் உடலில் சொல்லிவிடுங்கள்.

சமர்ப்பிப்பதற்கு முன்னால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு முகவரியையும் உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில், எந்தக் கணக்கிலும் உள்நுழையாமல் திறந்து பாருங்கள். ப்ராக்ஸி முகவரிகள் அங்கே உடனே மாட்டிக்கொள்ளும். திறக்காதவற்றுக்கு வேபேக் படி இருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். உங்கள் பட்டியலில் உள்ள அரசுப் புள்ளிவிவரப் பக்கங்களை முதலில் பாருங்கள். அந்தத் தளங்களை மறுவடிவமைப்புச் செய்யும்போது பழைய முகவரிகள் மொத்தமாகப் போய்விடுவது உண்டு.